கடைசியாகச் சரிபார்த்த தேதி

அவளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. மாதத்துக்கு ஒருமுறை சம்பளச் சீட்டில் மட்டும் அது தலை காட்டும். மற்ற நாளெல்லாம் அவள் ஆதாரம் அக்கா. யார் எதை எழுதிக்கொண்டு வந்து நீட்டினாலும், மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கி, "ஆதாரம் எங்க?" என்று கேட்டுக் கேட்டே வந்து ஒட்டிக்கொண்ட பெயர். ஒருநாள் ஒருவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, மழை வரப்போகுது" என்று சொல்லிவிட்டான். சொன்ன வாயை மூடுவதற்குள் எல்லா மேசையிலிருந்தும், "ஆதாரம் எங்க?" என்று ஒரே குரலாக வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அவள் சுபாவம் அப்படி.

குடும்பங்களுக்கான இணையதளம் அது. பிள்ளைக்குப் பல் முளைப்பதில் தொடங்கி அந்தப் பிள்ளையின் படிப்புக்குச் சேமிப்பது வரைக்கும் எழுதுவார்கள். தரைக்கல் விற்கும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அலுவலகம். கீழே கல் அறுக்கிற இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேலே பேச்சு பாதியில் நின்றுவிடும். மேசை ஏழு, கண்ணாடி வைத்த சின்ன அறை ஒன்று, கொதித்தால் தானாக நிற்காத கெட்டில் ஒன்று. சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். அதில் அந்தத் தளத்தின் விதிகள் வரிசையாக இருக்கும். அத்தனையும் ஆதாரம் அக்கா உட்கார்ந்து யோசித்து எழுதியவை.

ஒரு தகவலுக்கு இரண்டு ஆதாரம் வேண்டும். எழுதியவர் தன் கட்டுரையைத் தானே சரிபார்க்கக் கூடாது. தவறு வந்தால் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது, கட்டுரையின் தலைமாட்டிலேயே திருத்தம் போட வேண்டும். புகார் சொன்னவரிடம், விசாரணை முடியும்வரை, எழுதியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. இப்படிப் போகும். மருந்தின் அளவு எழுதிய கட்டுரை என்றால் குழந்தை மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்பாள். அவர் நோயாளிகளை விட்டுவிட்டுப் பேச முடியாது என்பார். "நீங்க பாருங்க டாக்டர், நான் லைன்லயே இருக்கேன்" என்று முக்கால் மணி நேரம் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிடித்த பிடியை விடமாட்டாள்.

போன வருஷம் அந்தத் தாளில் இன்னொரு விதியைச் சேர்த்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தத் தளத்தில் எழுதுகிற அம்மா அப்பாக்கள் எல்லாருமே தங்கள் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுவார்கள். வேறு எதைப் பற்றி எழுதுவது? அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பதினெட்டு தாண்டியவர்களுக்கு ஒரு கடிதம் போட்டு, உங்களைப் பற்றி எழுதியது சரிதானா என்று கேட்க வேண்டும் என்றாள்.

தளத்தின் ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தளத்தை ஆரம்பித்தவர்கள்.

"சும்மா இருக்கற பசங்கள எதுக்குடி சொறிஞ்சு விடற? அவங்க பாட்டுக்கு வேலை, கல்யாணம்னு இருக்காங்க."

"அவங்க கதைய வச்சுத்தானே நாம பொழைக்கறோம். ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேளு. அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாத."

நாற்பத்தொரு பிள்ளைகள் தேறினார்கள். முகவரி தேடிப் பட்டியல் போட்டவளும் அவளேதான். பட்டியலில் இருபத்தொன்பதாவதாக அவள் மகள் வந்தாள். வேறு ஊரில் வேலை பார்க்கிற, இருபத்து மூன்று வயது முடிந்த ஒரே மகள். அந்த வரியில் அவள் கை கொஞ்சம் நின்றது. ஃபோனை எடுத்து, 'ஆஃபீஸ்லருந்து ஒரு லெட்டர் வரும்டா' என்று சொல்லியிருக்கலாம். பெற்றவள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வாள். இவளோ, தன் பிள்ளைக்கு ஒரு நியாயம் ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று நினைத்தாள். நாற்பது பேருக்குப் போன அதே கடிதம் மகளுக்கும் போனது. 'அன்புடையீர், தங்கள் குழந்தைப் பருவம் குறித்து எங்கள் தளத்தில் வெளியான கட்டுரையில் தவறு ஏதும் இருப்பின் கீழ்க்கண்ட படிவத்தில் தெரிவிக்கவும். இப்படிக்கு, சரிபார்ப்புப் பிரிவு.' பெற்ற மகளுக்கு 'அன்புடையீர்' போட்ட ஒரே தாய் உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள்!

பதில்கள் வந்தன. முக்கால்வாசிப் பேர் 'சரி' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். ஒரு பையன், தான் ஏழு வயதுவரை படுக்கையை நனைத்ததை எடுத்துவிடும்படி கெஞ்சியிருந்தான், பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். ஒருத்தி, தன் கதைக்குச் சன்மானம் எவ்வளவு என்று கேட்டிருந்தாள். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்த டப்பாவை மேசையில் திறந்து வைத்துக்கொண்டு ஆதாரம் அக்கா அடுத்த படிவத்தைத் திறந்தாள். மகளுடையது.

தவறான தகவல் எது? 'நாலாவது பத்தி. "பயணம் வேண்டாம் என்று அவளாகவே சொன்னாள்."'

சரியான தகவல் எது? 'எனக்குப் போக வேண்டும் போல இருந்தது.'

ஆதாரம்? 'நான்.'

அவ்வளவுதான். கீழே வேறு ஒரு வார்த்தை கிடையாது. முட்டையைப் பாதி கடித்தவள் அப்படியே டப்பாவை மூடினாள்.

தளத்திலேயே அதிகம் பேர் படித்த கட்டுரை அது. 'வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை' என்று தலைப்பு. கணவன் விட்டுவிட்டுப் போன வருஷம் அவள் எழுதியது. பள்ளியில் கடல் பார்க்க மூன்று நாள் கூட்டிப் போகிறார்கள், ஒன்பது வயதுப் பெண் கட்டணத்தைக் கேட்டுவிட்டு, 'எனக்கு வேண்டாம்மா, அந்தக் காசை வீட்டுக்கு வச்சுக்கோ' என்கிறாள். ஆசையைத் தள்ளிப்போட அவளுக்கு எப்படிப் பழக்கினேன் என்று ஏழெட்டுப் பத்திகள், கடைசியில் பிள்ளைகள் பேரில் சேமிப்பது பற்றி ஒரு குறிப்பு. படித்துவிட்டு அழுதவர்கள் எத்தனையோ பேர். பள்ளிக்கூடங்களில் எடுத்து வாசித்திருக்கிறார்கள். வட்டி விகிதம் மாறியிருக்கிறதா என்று வருஷா வருஷம் யாராவது பார்த்து, அடியில் 'கடைசியாகச் சரிபார்த்த தேதி' என்று புதிதாகப் போடுவார்கள். நாலாவது பத்திக்கு ஆதாரம் என்ன என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ஆதாரம் அக்காவிடமே அதைக் கேட்க யாருக்கு வாய் வரும்?

விதிப்படி அவள் அதைத் தொடக் கூடாது. பக்கத்து மேசைக்காரனிடம் தள்ளினாள். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவன், அதனால் ரெட்டையப்பா என்று பெயர். சட்டையின் தோளில் எப்போதும் பால் கறை இருக்கும். படித்துப் பார்த்தவன் முகம் சுண்டிப்போனது.

"அக்கா… இது…"

"ஆமா. நீங்க பாருங்க. எனக்கு இதுல பேச்சே இல்ல."

ஆசிரியை ஓடி வந்தாள். கண்ணாடி அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் என்ன சொன்னேன் உன்கிட்ட? சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"சரி, விடு. கட்டுரையை எடுத்துடலாம். பழசுதானே, யார் கேக்கப்போறா?"

"சத்தமில்லாம எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"விதியாம் விதி! இது உன் பொண்ணுடி. ஃபோன் பண்ணு. ஏன்டா கண்ணு, என்னடா ஆச்சுன்னு கேளு."

"முடியுற வரைக்கும் பேசக் கூடாது."

ஆசிரியை அவளையே பார்த்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள். ஏனோ திட்டவில்லை.

"உன்னை மாதிரி ஒருத்திய வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு என்ன பாடு பட்டிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மகள் ஞாயிறு தவறாமல் பத்தரை மணிக்குக் கூப்பிடுவாள். மூன்று நிமிஷம், மிஞ்சிப்போனால் நாலு. அந்த ஞாயிறு கூப்பிடமாட்டாள் என்றுதான் இவள் நினைத்தாள். காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, துணி துவைத்து மாடியில் காயப்போட்டுவிட்டு, இருக்கிற இரண்டு அறையையும் இரண்டு தரம் பெருக்கினாள். ஒருத்தி இருக்கிற வீட்டில் பெருக்க என்ன குப்பை சேரும்? பத்தரைக்கு ஃபோன் அடித்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு. நீ?"

"ம். இங்க ஒரே மழை."

"இங்க வெயில். துணி காயப்போட்டிருக்கேன்."

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. மாடிப்படி ஏறினாத்தான்."

கேட்டுவிடலாமா, ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று இவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் இருப்பவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். யார் கண்டது?

"சரிம்மா, வைக்கறேன்."

"சரிடா. குடை எடுத்துக்கிட்டுப் போ."

வைத்தபிறகு அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். துணி எப்போதோ காய்ந்துவிட்டது. எடுக்கப் போகவில்லை. எத்தனை வருஷமாக இந்த மூன்று நிமிஷத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டுகிறோம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது, அழுதாள்.

திங்கட்கிழமை ரெட்டையப்பா கண்ணாடி அறைக்குள் போய் அக்காவின் மகளை ஃபோனில் கூப்பிட்டான். ஆதாரம் அக்கா தன் மேசையில் இருந்தபடியே பார்த்தாள். அவன் பேசுகிறான், தலையாட்டுகிறான், எழுதுகிறான். நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்க்கிறான். தன் மகளின் குரல் அந்த அறைக்குள் ஒலித்துக்கொண்டிருக்கிறது, தனக்கோ கீழே கல் அறுக்கிற சத்தம்தான் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிஷம் பேசுகிற பெண், முன்பின் தெரியாத ஒருவனிடம் நாற்பது நிமிஷம் பேசினாள்.

வெளியே வந்தவன் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான்.

"என்ன சொன்னா?"

"அக்கா… விதி…"

"தெரியும். நான்தானே எழுதினேன். திருத்தத்தை எழுதிக் குடுங்க."

சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுத்தான். எழுதியவர் படித்துப் பார்த்து, ஒப்புக்கொள்கிறாரா இல்லையா என்று கீழே உள்ள கட்டத்தில் எழுத வேண்டும். ஆசிரியையும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

'மகள் தானாகவே பயணத்தை மறுத்தார் என இக்கட்டுரையில் எழுதப்பட்டிருந்தது. இது சரியல்ல. அவர் போக விரும்பினார். பணமில்லை என்று தாயார் தொலைபேசியில் யாரிடமோ அழுததைக் கேட்டு, வேண்டாம் என்று சொன்னார். அதன்பின் யாரும் அவரை இரண்டாம் முறை கேட்கவில்லை. அவருக்குப் போக ஆசை இருந்தது தாயாருக்குத் தெரியாது.'

ஆசிரியை நீளமாக மூச்சு விட்டாள். "பரவாயில்லடி. கடைசி வரி நல்லா இருக்கு. உன்மேல தப்பில்லன்னு ஆயிடுச்சு."

"கடைசி வரிய யார் சொன்னது?" என்று ஆதாரம் அக்கா கேட்டாள்.

"அவங்கதான்க்கா" என்றான் ரெட்டையப்பா. "நான் கேக்கவே இல்ல. அவங்களாவே சொன்னாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்காது, அதையும் போட்டுடுங்க, இல்லன்னா படிக்கறவங்க அம்மாவைத் தப்பா நினைப்பாங்கன்னாங்க."

"அதுக்கு ஒரு ஆதாரம்தான் இருக்கு."

"அக்கா!"

"என்கிட்ட கேக்கலையே நீங்க?"

ஆசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயோ, உன் புத்தியக் கொண்டுபோய்க் குப்பையில போடு! அந்தப் பொண்ணே உன்னைக் காப்பாத்தி விட்டிருக்கா. வாயை மூடிக்கிட்டு ஒப்புக்கறேன்னு எழுதிட்டுப் போயேன்."

ஆதாரம் அக்கா பேனாவைத் திறந்தாள். தன் மேசைக்கு வந்த எத்தனை தாள்களில் எத்தனை ஆயிரம் வரிகளை அடித்திருப்பாள்! இந்த ஒரு வரியை அடிக்க அவளுக்குப் பத்து நிமிஷம் ஆனது. 'தெரியாது' என்பதை அடித்துவிட்டு மேலே 'தெரியும்' என்று எழுதினாள். கீழே கட்டத்தில் எழுத ஆரம்பித்தாள்.

'கட்டுரையாளரின் விளக்கம். மகள் வேண்டாம் என்று சொன்ன அன்று, அவளுடைய பள்ளிப்பை துணி மடித்துக் கட்டப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்ததை நான் பார்த்தேன். போக ஆசைப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துவிட்டேன். என்னிடம் பணம் இல்லை, கடன் கேட்கவும் வெட்கமாக இருந்தது. அவள் வேண்டாம் என்றது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு அதையே அவளுடைய நல்ல குணம் என்று எழுதினேன். நான் எதையும் அவளுக்குப் பழக்கவில்லை.'

ஆசிரியை அதைப் படித்து முடித்தாள். கெட்டிலைப் போட்டு டீ வைத்து, அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

வெளியிடுவதற்கு முன் முழுவதையும் புகார் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மறுநாள் காலையில் ரெட்டையப்பா திரும்பவும் கண்ணாடி அறைக்குள் போனான். இந்தத் தடவை ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டான்.

"ஒரு திருத்தம் சொன்னாங்கக்கா."

"என்ன?"

"பள்ளிப்பை இல்லையாம். பச்சைப் பையாம். தெருமுனையில தையல்கார அக்கா ஒருத்தங்க இருந்தாங்களாம், அவங்ககிட்ட இரவல் வாங்கினதாம்."

"தெரியும்னு எழுதியிருந்தேனே, அதுக்கு?"

"ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் போயிடுச்சோன்னு நான் ஹலோ ஹலோன்னு கத்தினேன். அப்புறம்தான் பையைப் பத்திச் சொன்னாங்க. மத்ததெல்லாம் சரி, போடுங்கன்னாங்க."

ஆதாரம் அக்கா 'பள்ளிப்பை' என்பதை அடித்துவிட்டு 'இரவல் வாங்கிய பச்சைப் பை' என்று எழுதினாள். பதினொன்றரைக்குத் திருத்தம் கட்டுரையின் தலைமாட்டில் ஏறியது. ரெட்டையப்பா ஃபைலை மூடி, தேதி போட்டான்.

அவள் எழுந்து மாடிப்படிக்கு வந்தாள். நடுப்படியில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை என்றும் பாராமல், மகளைக் கூப்பிட்டாள். கீழே தரைக்கல் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, இந்த நேரத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லடா. வேலையா இருக்கியா?"

"சொல்லு."

"தப்பு என்னுதுதான்."

"படிச்சுக் காட்டினாரு."

"பேப்பர்ல எழுதிட்டேன். உன்கிட்ட வாயால சொல்லணும்ல."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தமும், ஒரு கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன.

"அந்தப் பை…" என்று இவள் இழுத்தாள்.

"அதுக்கும் ஆதாரம் வேணுமா?"

"வேண்டாம். சும்மா கேக்கறேன். நீ இரவல் வாங்கினது எனக்குத் தெரியவே தெரியாது."

"ஸ்கூல் பைல மூணு நாள் துணி கொள்ளாதும்மா. அதான் போய்க் கேட்டேன். கடல் பாக்கப் போறேன்னதும் அந்த அக்காவுக்கு என்னைவிட சந்தோஷம். அவங்களும் கடலையே பாத்ததில்லையாம்."

"அப்புறம் அதை யாரு திருப்பிக் குடுத்தது?"

"நான்தான் குடுத்தேன். உடனே குடுத்தா போகலன்னு தெரிஞ்சிடும்ல? ஏன் போகலன்னு கேப்பாங்க. உன்கிட்ட காசில்லன்னு நான் எப்படிச் சொல்றது? அதனால மூணு நாளும் தெருப் பக்கமே தலை காட்டல. அதைக்கூட நீ எழுதியிருக்க. மூணு நாளும் வீட்டுலயே உக்காந்து சந்தோஷமா படம் வரைஞ்சான்னு."

"ஐயோ, அதையும் திருத்தணுமே…"

"விடும்மா. திருத்தம் எல்லாம் போதும். கேளு."

அவள் வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நாலாம் நாள் பையை எடுத்துக்கிட்டுப் போனேன். அந்த அக்கா மிஷினை நிறுத்திட்டு, என்னைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாங்க. கடல் எப்படிடி இருந்துச்சுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ரொம்பப் பெரிசா இருந்துச்சுன்னு சொன்னேன்."